வலதுபக்க சீட்

சட்டையை இன்னும் துவைக்கப் போடவில்லை. "ஏங்க, அத ஊறப் போடவா வேணாமா?" என்று காலையிலிருந்து என் மனைவி இரண்டு தரம் கேட்டுவிட்டாள். இருக்கட்டும் என்றேன். நாற்காலி முதுகில் தொங்குகிறது. பக்கத்தில் போனாலே பெட்ரோலும் சூடேறிய பிரேக்கும் கலந்த வாடை அடிக்கிறது. உனக்குத் தெரியாத வாடையா? ரேஸ் டிராக்கில் நாலைந்து சுற்று விரட்டிவிட்டு வந்து நிறுத்தினால் சக்கரங்களிலிருந்து எழுந்து வருமே, அதேதான். நீ அதை மூச்சு நிறைய இழுத்துவிட்டு, "வாத்தியாரே, அத்தர் தோத்துச்சு போ" என்பாய். எனக்குக் குமட்டும். ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

நேற்று உன் காரில் அந்த டிராக்கைச் சுற்றி வந்தேன். சுற்றி வந்தேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், ஓட்டினேன் என்று எழுதவில்லை, கவனித்துக்கொள். நீ மவுத்தாகிக் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வரப்போகிறது. இவ்வளவு நாள் ஒரு வரிகூட எழுதாதவன் இன்றைக்குப் பேனாவோடு உட்கார்ந்திருப்பது பாசம் பொங்கி அல்ல. வெட்கம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். எனக்கு உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

வளைகுடாவில் அத்தனை வருடம் அடுத்தவர்கள் கார்களுக்கு வயர் இழுத்துவிட்டுத் திருமலைராயன்பட்டினத்துக்குத் திரும்பி வந்தவன் நீ. திரும்பி வருகிறவர்கள் வீட்டுக்கு மாடி எடுப்பார்கள். நீ கார் தேடினாய். காரைக்காலில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, ஊரார் முசியே என்று கூப்பிடும் பெரியவர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் அது கிடந்தது. கப்பலில் வந்த கார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், துணிக் கூரை, மாதுளம்பழ நிறம். பிள்ளைகள் பிரான்சிலேயே தங்கிவிட்டதால் கேட்பாரில்லாமல் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. உன்னோடு பார்க்க வந்தவன் நான்தான். அந்தப் பெரியவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓட்டுறதா இருந்தா எடுத்துக்க தம்பி. நிறுத்தி வக்கிறதா இருந்தா கோழிக்கே இருந்துட்டுப் போவுது" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நானும்தான் சிரித்தேன்.

அந்தக் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். என்னுடைய எல்லாக் கோளாறும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. நம் ஊர்ச் சாலையில் இடப்பக்கமே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு, முன்னால் ஒரு லாரி போனால் லாரியின் முதுகுதான் தெரியும். எதிரே பஸ் வருகிறதா, மாடு வருகிறதா என்று தெரியாது. வலப்பக்கம் ஒருவன் உட்கார்ந்து தலையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். துறைமுகத்து நிலக்கரி லாரிகள் வரிசை கட்டிப் போகிற ரோட்டில், அப்படிச் சொல்ல ஆளில்லாமல் நீ காரைக்கால்கூடப் போய்ச் சேர முடியாது. அந்த ஆள் நான். "போலாமா?" என்று நீ கேட்பாய். "போ" என்பேன், அல்லது "இரு" என்பேன். அதற்கு மேல் பேச்சு கிடையாது. ரோடு துடைத்துவிட்டாற்போல் காலியாக இருக்கும் நாளிலும் நீ கேட்காமல் ஒரு மாட்டு வண்டியைக்கூடத் தாண்டியதில்லை. நான் பாதிக்கு மேல் "இரு" என்றுதான் சொல்வேன். நீ முணுமுணுத்ததே இல்லை.

ஆனால் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரியுமா? நம் ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவன் டிரைவர். இடப்பக்க ஸ்டியரிங் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது காரின் பின்னால். கை காட்டுகிறவர்கள் எல்லாம் முன்னாலிருந்து அல்லவா பார்க்கிறார்கள். ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று யோசிப்பதற்குள் கார் போய்விடும். முதல் தடவை நீ என்னை நெடுங்காட்டில் என் வீட்டில் விட வந்தாய். வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்த என் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு எனக்கு சலாம் வைத்தார்கள். நடவு வயலில் இருந்த பெண்கள் நிமிர்ந்து, "நம்ம கணக்கு வாத்தியாருடி!" என்றார்கள். நான் கையைத் தூக்கினேன். மறுநாள் வகுப்புக்குப் போனால் கரும்பலகையில் கார் படம், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி போட்ட ஓர் ஆள். "சார், ரேஸ் கார் ஓட்டுவீங்களா சார்?" என்று ஒருவன் கேட்டான். "ம். பாடத்தப் பாருங்கடா" என்றேன்.

அந்த "ம்" போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. ஊரே சொல்லிக்கொண்டது. நீயும் கேலி செய்வதோடு நிறுத்திக்கொண்டாய். "சலாம் பூரா ஒனக்கு, கிளட்ச் மிதிச்ச கால் வலி பூரா எனக்கு" என்பாய்.

கற்றுக்கொள்ள முயன்றதும் உண்டு. என்னிடம் லைசன்ஸ்கூட இருக்கிறது. லைசன்ஸ் இருந்து ஓட்டத் தெரியாதவர்கள் நம் பக்கம் கொஞ்சமா? ஒருநாள் விடிந்ததும் கருக்களாச்சேரிக் கடற்கரை ரோட்டுக்கு அழைத்துப் போய், இடப்பக்கம் என்னை உட்கார வைத்தாய். கிளட்சை விட்டேன், அணைந்துபோயிற்று. மறுபடி விட்டேன், எகிறிப் பாய்ந்து ரோட்டோரம் காயப்போட்டிருந்த வலைமேட்டைப் பார்த்துப் போயிற்று. "அய்யோ வல! வல!" என்று பெண்கள் கத்துகிறார்கள். எனக்குக் காலும் வரவில்லை, கையும் வரவில்லை. நீ எட்டிக் கைபிரேக்கை இழுத்து நிறுத்தினாய். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க பள்ளிக்கொடம் போற ஆளு. அங்கயே போங்க" என்றார். இறங்கி வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். "விடு வாத்தியாரே, ஸ்டியரிங் பிடிக்க எவன் வேணா வருவான்" என்றாய். நான் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் அதில் ஏதாவது இருக்கும் என்று யோசிக்கவில்லை.

டிராக்குக்கு முதலில் போன நாள் நினைவிருக்கிறதா? விடிவதற்கு முன் கிளம்பி, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம் என்று நான் "போ", "இரு" சொல்லிக்கொண்டே வந்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அந்த இடத்துக்குள் நுழைந்தபோது என் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. வெளியூர்களிலிருந்து வந்த பழைய கார்கள், தலைக்கவசம் போட்ட ஆட்கள். "வாத்தியாரே, இங்க எதிர்ல ஒருத்தனும் வரமாட்டான். எல்லாரும் ஒரே பக்கம்தான் போவான். ஒனக்கு இன்னிக்கு லீவு, கண்ண மூடிக்க" என்று பக்கத்தில் ஏற்றிக்கொண்டாய். நேர் ரோட்டில் நீ மிதித்த மிதியில் என் கன்னம் பின்னால் போயிற்று. வளைவு வருகிறது. நான் "இரு! இரு! இரு!" என்று கத்தினேன். நீ அந்த வேகத்திலும் சிரித்தாய். இறங்கிய பிறகு சொன்னாய்: "வளைவுக்கு முன்னாடியே பிரேக்க முடிச்சிரணும். உள்ள போனப்புறம் காரோட சண்ட போடக்கூடாது." உன் முகத்தை அப்படி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வளைகுடாவிலிருந்து வந்த பிறகு நீ உண்மையில் ஊர் திரும்பியது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

நான் டிராக்குச் சுவரோரம் நின்று உன் தண்ணீர் பாட்டிலையும் செருப்பையும் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். யாராவது வந்து "நீங்களும் ஓட்டுவீங்களா?" என்று கேட்டால், "இன்னிக்கு அவர் ஓட்டட்டும்" என்பேன். பார், எவ்வளவு சுத்தமான பதில். பொய் என்று ஒரு சொல்லைக் காட்ட முடியுமா அதில்?

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நீ வந்ததும் காரைக் கழுவுவோம். கடல் காற்றில் உப்பு ஏறி அடித் தகடு துருப்பிடித்துவிடும் என்று நல்ல தண்ணீர் விட்டு, காய வைத்து, பழைய ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவுவோம். பிறகு காரில் ஒரு நடை. நாகூர் வரை, சில நாள் தரங்கம்பாடி வரை. திரும்பி வந்தால் உன் மனைவி, எனக்குத் தங்கச்சி, டீ போட்டு வைத்திருக்கும். உன் மகள் நஸ்ரின் பாவாடையோடு ஓடி வந்து, இடப்பக்கம் ஏறி ஸ்டியரிங்கைத் திருகிக்கொண்டிருப்பாள். என் வாழ்க்கையில் நான் அதிகம் சந்தோஷமாக இருந்தது அந்த வெள்ளிக்கிழமைகளில்தான். இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

அதையும் நானே கெடுத்தேன். நஸ்ரின் கல்யாணத்தில், ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பிரான்சிலிருந்து வந்திருந்த உன் மச்சான் அன்று காலையில் காரில் நம்மைப் பார்த்திருக்கிறான். அவன் ஊரில் எல்லாமே இடப்பக்க ஸ்டியரிங். பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. "ஓ, சார்தான் அந்த வண்டிக்குக் கிளீனரா?" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். அதில் என்னிடம் படித்தவன் ஒருவன். நான் சஹனிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். நீ நிமிர்ந்து பார்க்காமல் கறியைப் பிய்த்துக்கொண்டே, "போறப்ப நான் ஓட்டுவேன், வர்றப்ப வாத்தியாரு. என்னய விட நல்லா ஓட்டுவாரு" என்றாய். சிரிப்பு நின்றுபோயிற்று.

எனக்காக நீ சொன்ன பொய் அது. நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். இனி அந்த வலதுபக்க சீட்டில் ஏறினால், இன்றைக்கு நீங்கள் ஓட்டவில்லையா என்று யாராவது கேட்பார்கள் என்று பயம். அடுத்த வெள்ளிக்கிழமை நீ போன் செய்தபோது, "முட்டி வலிக்குது, நீ போயிட்டு வா" என்றேன். அதற்கு அடுத்த வாரமும் முட்டி. அப்புறம் நீ அழைக்கும்போதே, "முட்டி எப்டி இருக்கு?" என்று ஆரம்பித்தாய். வலிக்காத முட்டிக்கு என் மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். இரண்டு வருடம், அதற்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். உன்னைப் பார்க்க வராமல் இல்லை. பஸ்ஸில் வருவேன், டீ குடிப்பேன், கார் பக்கம் போகமாட்டேன். "வண்டி எப்டி ஓடுது?" என்று மட்டும் கேட்பேன். "ம், கெடக்கு" என்பாய். நான் அதைத் தோண்டிக் கேட்கவில்லை.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றேன். மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் அதைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, "முட்டி எப்டி இருக்கு?" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் நாம் இரண்டு பேர்தான். "இன்னும் வலி இருக்கு" என்றேன். நீ தலையாட்டிக்கொண்டாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதலுக்கு வந்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கிளம்பும்போது, வெளி ஆண்கள் முன் வராமல் இத்தா துக்கத்தில் இருந்த தங்கச்சி திரைக்கு உள்ளேயிருந்து குரல் கொடுத்தது. "அண்ணே, அவங்க சொல்லிட்டுப் போயிருக்காங்க. கார் சாவி ஒங்கக்கிட்டதான் இருக்கணுமாம்." நஸ்ரின் இரண்டு கையாலும் சாவியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"எனக்கு எதுக்கும்மா? நீ வச்சுக்க."

"இல்லங்க மாமா, வாப்பா சொன்னாங்க."

கல்யாணத்தில் நீ சொன்னதை வீட்டாரும் நம்பிவிட்டார்கள், நன்றாக ஓட்டுகிறவன் என்றுதான் என்னிடம் தருகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது என்ற மூன்று சொல் வாய் வரை வந்தது. திரைக்குப் பின்னால் உன் மனைவி, முன்னால் உன் மகள், திண்பண்டத் தட்டோடு உன் சொந்தக்காரர்கள். "பேட்டரி எறங்கியிருக்கும். மெக்கானிக்க விட்டு எடுத்துக்கறேன்" என்றேன். நஸ்ரின் என்னை ஒரு தரம் பார்த்தாள். "சரிங்க மாமா" என்றாள். சாவி என் சட்டைப் பையில் விழுந்தது.

லாரியில் ஏற்றி நெடுங்காட்டுக்குக் கொண்டுவந்தேன். வைக்கோல் கொட்டகையில் நின்றது. முசியே வீட்டில் கோழி, என் வீட்டில் எலி. மெக்கானிக் மாதம் ஒருமுறை வந்து உறுமவிட்டுப் போவான். "சார், எப்ப எடுப்பீங்க?" என்று தெருவில் கேட்டால், "முட்டி சரியாவட்டும்" என்பேன். "அந்த முட்டியும் பாவம், எவ்வளவு பாரத்தத்தான் தாங்கும்?" என்று என் மனைவி உள்ளேயிருந்து சொல்வாள். அவளுக்கு ஆதியிலிருந்தே தெரியும். கட்டிக்கொண்டவனின் மானம் என்று வெளியே சொன்னதில்லை.

நஸ்ரின் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். காரைக்காலில் மருந்துக்கடை வைத்துக்கொண்டு, பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, இதற்கும் நேரம் ஒதுக்கி வருவாள். உப்பைத் துடைப்பாள். துடைத்துவிட்டு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, கியரில் கையை வைத்து, கிளட்சை இரண்டு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவாள். அவளுக்கு எவ்வளவு ஆசை என்று ஒரு குருடனுக்கும் தெரியும். நான் "காப்பி கொண்டாரேன்" என்று உள்ளே போய்விடுவேன். ஓட்டிக்கொண்டு போ என்று அவளிடம் சாவியைக் கொடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டி வருமே. ஓட்டத் தெரிந்த பெண் ஒருத்தி நிற்க, ஓட்டத் தெரியாதவன் வீட்டில் உன் கார் வைக்கோல் தூசியில் நின்றது.

போன மாதம் அவள் போன் செய்தாள். "மாமா, பழைய கார் வச்சிருக்கவங்க டிராக்குல சேர்றாங்களாம். வாப்பாவத் தெரிஞ்சவங்க கேக்குறாங்க, நீங்க அத ஒரு சுத்து ஓட்டணும்னு. போவோமா?" சரி என்றேன். கடைசி நேரத்தில் முட்டியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு வாத்தியார் அல்லவா.

நேற்று லாரியில் கார் போயிற்று, நாங்கள் அவள் காரில் போனோம். உன்னைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மைக்கில் பேசிய பையன் உன்னைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொன்னான். பிறகு, "அவரோட உயிர் நண்பர் இப்ப அந்தக் கார ஓட்டிட்டு வருவார்" என்றான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். என் தலையில் கவசத்தை மாட்டினார்கள். முட்டியைப் பிடிக்க வேண்டும் என்பது எனக்கு மறந்தே போயிற்று. நடந்தேன். கதவைத் திறந்தேன், உட்கார்ந்தேன், பெல்ட்டை மாட்டினேன். தலையை வெளியே நீட்டி முன்னால் ரோட்டைக்கூடப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இடப்பக்கம் திரும்பினேன். ஸ்டியரிங் இருந்தது, நீ இல்லை.

என் கால் பழக்கமான பக்கமே என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்திருந்தது. ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் கிளீனர் சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு டிரைவருக்காகக் காத்திருக்கிறேன். "சார், வண்டி தானாப் போயிருமா?" என்று மைக்கில் கேட்டான். சிரிப்பு. இறங்கவும் முடியவில்லை, நகர்ந்து உட்காரவும் முடியவில்லை. கவசம் இருந்ததால் முகம் தெரியவில்லை என்பது ஒன்றுதான் மிச்சம்.

நஸ்ரின் சுவரோரம் நின்றாள். நேராக நடந்து வந்து, "சாருக்கு முட்டி வலிங்க, கிளட்ச் மிதிக்க முடியாது. நான் ஓட்டுறேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு இடப்பக்கம் ஏறினாள். நான் உன்னிடம் சொன்ன அதே பொய். அதை உன் மகள் எடுத்து என்மேல் போர்த்தினாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அவள் ஓட்டினாள். நீ ஓட்டுகிற மாதிரியே, வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துக்கொண்டு, உள்ளே நுழைந்ததும் காரை அதன் போக்கில் விட்டாள். அது வைக்கோல் கொட்டகையில் கிடந்த வண்டி மாதிரியே இல்லை. மூன்றாவது வளைவில் நான் என்னை மறந்து "இரு! இரு!" என்று கத்தினேன். அவள் சிரித்தாள். உன் சிரிப்பு.

இறங்கியதும் மைக்கை என் வாயருகே நீட்டினார்கள். எத்தனை வருசமா ஓட்டுறீங்க சார் என்றான். போதும் என்று தோன்றிவிட்டது. "நான் இந்தக் கார ஓட்டுனதே இல்லீங்க. எனக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்துல ஒக்காந்து வருவேன், அவ்வளவுதான்" என்றேன். ஒரேயடியாகக் கைதட்டல். "என்னா ஒரு தன்னடக்கம்!" என்றான் அந்தப் பையன். ஒரு பெரியவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னாலும் சலாம் எனக்கே வருகிறது, நான் என்ன செய்யட்டும்?

"லாரில ஏத்த வேணாம் மாமா. வண்டி நல்லா இருக்கு, ஓட்டிக்கிட்டே போயிருவோம்" என்றாள் நஸ்ரின். அவளுடைய காரை, லாரியோடு வந்திருந்த மெக்கானிக் ஓட்டிக்கொண்டு வந்தான். கூரையை மடித்துவிட்டுக் கிளம்பினோம். ஊர்ப் பக்கம் வரும்வரை அகலமான சாலை, எனக்கு வேலையில்லை. கொள்ளிடம் தாண்டி, முன்னால் கரும்பு ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போயிற்று. அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"போலாமா மாமா?"

அதே கேள்வி, அதே தொனி. நான் தலையை நீட்டிப் பார்த்தேன். பதிலுக்கு வந்தது வேறு. "நஸ்ரின், எனக்கு முட்டி வலியெல்லாம் இல்லம்மா. ஓட்டவும் தெரியாது."

"தெரியும் மாமா."

"எப்பத்திலேருந்து?"

"சின்னப் புள்ளயிலேருந்தே. கருக்களாச்சேரி வலக் கதைய வாப்பா எத்தன வாட்டி சொல்லியிருக்காங்க! உம்மா சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துரும்."

"அப்ப ஏன் சாவிய எங்கிட்ட கொடுத்தீங்க?"

அவள் லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க வராமப் போனப்பறம் வாப்பா வண்டிய ரோட்டுக்கே எடுக்கல மாமா. வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு வந்து கழுவுவாங்க. ஸ்டார்ட் பண்ணுவாங்க. வலதுபக்கக் கதவத் தொறந்து வச்சிட்டு, அவங்க பாட்டுக்கு ஸ்டியரிங்ல ஒக்காந்திருப்பாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எறங்கி, சாத்திட்டு உள்ள வந்துருவாங்க. நான் வர்றேன் வாப்பான்னேன். வேணாம்னுட்டாங்க. 'நீ வெவரம் தெரியாம போ போன்னு சொல்லிருவ. வாத்தியாரு பயந்தவன். அவன் பயந்ததாலதான் நான் இத்தன வருசம் உசுரோட வீடு வந்து சேந்தேன்'னாங்க." கியரைக் குறைத்தாள். "ஆஸ்பத்திரில இருக்கப்ப சொன்னாங்க. 'சாவிய வாத்தியார்ட்ட கொடு. அவனா ஒருநாள் வாயத் தொறந்து, நீ ஓட்டு, நான் பக்கத்துல வர்றேன்னு சொல்லுவான். அப்ப எடு'ன்னாங்க. அதான் நான் வந்து வந்து பாத்துக்கிட்டிருந்தேன்."

நான் ஊரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். உன் வீட்டில் ஒருவரையும் ஏமாற்றவில்லை. என்னிடம் நீ கேட்டது ஓட்டத் தெரிந்த ஆளை அல்ல. வலப்பக்கம் உட்கார ஒருவன் வேண்டியிருந்தது, அந்த சீட்டுக்கு வெட்கப்பட்டு நான் வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எத்தனை வெள்ளிக்கிழமை! ஓட்டத் தெரியாதது ஒரு குறையா? அதற்காகவா உன் கடைசி இரண்டு வருடத்தை உன்னிடமிருந்து பிடுங்கினேன்? எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது.

அழுதேன். காற்றில் தெரியாது என்று நினைத்தேன், அவளுக்குத் தெரிந்திருக்கும். லாரி போய்க்கொண்டே இருந்தது. எதிரே பலமுறை ரோடு காலியாயிற்று. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போயின. அவள் தாண்டவில்லை. நான் சொல்லட்டும் என்று அந்தக் கரும்புத் தோகைக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். சீர்காழிக்குக் கொஞ்சம் முன்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையை நீட்டி, நன்றாகப் பார்த்து, "போ" என்றேன்.

தரங்கம்பாடியில் டீக்கடை வாசலில் நின்ற பையன்கள் எனக்குக் கை காட்டினார்கள். நான் நஸ்ரினைக் காட்டினேன். அவர்களுக்குப் புரியவில்லை, இன்னும் பலமாக எனக்கே காட்டினார்கள்.

வீட்டு வாசலில் வலப்பக்கம் இறங்கினேன். "ஓட்டுனீங்களா?" என்றாள் என் மனைவி. இல்லை என்றேன். "அப்பாடா" என்று உள்ளே போய்விட்டாள். சாவி நஸ்ரினிடம் இருக்கிறது. கார் உன் வீட்டில் நிற்கிறது. "வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கப்பறம் வந்துருங்க மாமா. நீங்க இல்லாம எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஆஸ்பத்திரியில் ஒன்று கேட்டாயே, அதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. முட்டி நன்றாக இருக்கிறது. எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை வருகிறேன்.